சீனுவின் கடைவாய்ப் பல்

எங்கள் சீனு கடிக்கிற நாயே இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவன் வாய் நாறுகிறது என்று அப்பா தினமும் காலையில் உப்பையும் கிராம்புப் பொடியையும் அவன் ஈறில் அழுத்தித் தேய்ப்பார். "இயற்கை வைத்தியம்டா, கெமிக்கலே கிடையாது" என்று பெருமை வேறு. ஒரு நாள் சீனு அவர் விரலைக் கவ்விவிட்டான். அவ்வளவுதான்.

"கடிக்கிற நாய் நமக்கு வேணாம். பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் விட்டுட்டு வா."

"நீங்க வேணா போய் அங்க இருங்க" என்று கத்திவிட்டு, செம கடுப்பில் சீனுவை ஸ்கூட்டரில் ஏற்றி, தாம்பரத்தில் நாய் டாக்டரிடம் போனேன். அப்பாவும் பின்னாலேயே வந்தார். டாக்டரம்மா சீனுவின் உதட்டைத் தூக்கிக் காட்டினார். கடைவாய்ப் பல் அடிவரை அழுகி, ஈறில் சீழ் கட்டியிருந்தது.

"சார், உங்க பல்லு இப்படி இருக்கும்போது யாராவது உப்பு போட்டுத் தேச்சா, நீங்க கடிக்க மாட்டீங்களா? இயற்கையா செய்யணும்னா வெறும் ஈரத்துணியே போதும் சார். அதுவும் வலி இல்லாத வாய்க்குத்தான்."



பல்லைப் பிடுங்கியாயிற்று. இப்போது நான் ஈரத்துணியால் துடைத்தால் வாலாட்டிக்கொண்டே வாயைக் காட்டுகிறான். ஆனால் சமையலறையில் உப்பு டப்பா திறக்கிற சத்தம் கேட்டால் மட்டும் கட்டிலுக்கு அடியில் ஓடிவிடுவான்.

"என்னடா, இவ்ளோ பயம்?" என்று அப்பா சிரிப்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.