வாளித் தண்ணியில வெடிச்ச உலோகம்

உலோக லேப்ல அட்டெண்டர் வேலைங்கிறது, முகம் தெரியிற அளவுக்கு ஒரு சில்லைத் தேய்ச்சுக் குடுத்து, "கோடு தெரியுதே"ன்னு வாத்தியார் சொன்னதும் திரும்ப வாங்கிக்கிட்டு வர்ற வேலைங்க. அடுத்தவங்க ஆராய்ச்சிக்காக ரேகை தேஞ்ச என் கூட்டாளிங்களா, ஒங்களுக்குத்தான் இதச் சொல்றேன். தஞ்சாவூர் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல இருந்தேன். நம்ம படிப்பு எட்டாவதோட சரி.

அர எலுமிச்சம்பழம்

மலர்விழின்னு மாயவரத்துப் பொண்ணு, ஆராய்ச்சி மாணவி. ஒரு நாள் பஞ்சுல சுத்தி எதையோ கொண்டாந்துச்சு. அர எலுமிச்சம்பழத்தக் கவுத்து வெச்ச மாதிரி ஒரு சாம்பல் கட்டி. மாலிப்டினத்தையும் சிலிக்கானையும் சேத்து உருக்குனதாம். இரும்பே கஞ்சியாப் போற சூட்டுல இது அசையாம நிக்குமாம். ஆனா கீழ போட்டா கண்ணாடி மாதிரி தெறிக்கும். ஏற்கெனவே ரெண்டு கட்டி அறுக்கும்போதே போச்சு, இதான் கடைசி. வடக்க உருக்கிக் குடுத்த எடத்துல இனிமே முடியாதுன்னுட்டாங்க. ஆறு வாரத்துல தீசிஸ் குடுக்கணும்.

எனக்கு அரிப்பு தாங்கல. "ஏம்மா, அவ்ளோ சூட்டுக்கு அசையாதது ஒரு தட்டு தட்டுனா ஏன் ஒடையுது?"ன்னேன்.

"அதத் தெரிஞ்சுக்கத்தாண்ணே மூணு வருசமா இங்க கெடக்கேன்."

தேய்ப்பு

அந்தக் கட்டியிலேருந்து ஒரு சில்லு அறுத்துக் குடுத்துச்சு. உப்புத்தாள்ல வெச்சுத் தேய்க்கணும். ஒவ்வொரு தாளுக்கும் சில்லக் கால்வாசி திருப்பணும், முந்துன கோடு சாவுற வரைக்கும். அப்பறம் வைரத்தூள் கலந்த பசை, அப்பறம் ஒரு சொட்டு ஆசிட். மைக்ராஸ்கோப்புல பாத்தா, அட, சாம்பல் கலர் தரையில வெள்ள வெள்ளயாத் திட்டு! சாம்பல்தான் சிலிசைடு, ரெண்டும் கூடுனது, வெள்ளத் திட்டு தனி மாலிப்டினம்னு மலரு சொல்லுச்சு. அந்த வெள்ளத் திட்டு என்ன வேலை செய்யுதுன்னு காட்டாம தீசிஸக் கொண்டாராதன்னு அதோட புரபசர் சொல்லிட்டாராம்.

அந்த சார் மன்னார்குடி பக்கம் மிராசு வீடு. அறுப்புக் கூலித் தகராறுல அவங்கப்பா வெளியூர் ஆளை எறக்க, அதே ஊருக் கூலிக்காரரு எங்கப்பா சங்கக் கொடியோட வரப்புல படுத்து அறுப்ப நிறுத்த, நடுவுல போலீஸ். ஆட்சி மாறி எங்க ஆபீஸ் சுவத்துல முதலமைச்சர் போட்டோ கூட மாறிடுச்சு, அந்த ரெண்டு பெருசும் இன்னும் மூஞ்சி குடுத்துப் பேசல. நானும் சாரும் ஒரே லேப்ல. ஒரு நாள் மலரு முன்னால நான் மூக்க அமுக்கிக்கிட்டு, "ராஆசு, ஸ்க்ராட்ச்சு தெரியுதேய்யா, இது பாலிஷா, உழவா?"ன்னு அவரு மாதிரியே பேசிக் காட்டுனேன். மலரு சிரிக்கல. திரும்புனா, பின்னாடி சாரு.

"மூக்கு சரியா வந்துருக்குய்யா ராசு. கோடு இன்னும் இருக்கு, போய்த் தேயி."

வாளி

மிச்சக் கட்டியில அர வெரல் நீளத்துக்குத் தேறுனது ஒரே துண்டு. அத ஃபர்னஸ்ல சுட வெச்சு, ஆறுனப்பறம் வளைச்சுப் பாத்து பலத்த அளக்கணும். "மூணு மணிக்கு எடுத்து செங்கல் மேல வெச்சுருங்கண்ணே"ன்னுட்டு மலரு லைப்ரரிக்குப் போயிருச்சு.

கதவத் தொறந்தா துண்டு செக்கச்செவேல்னு ஜொலிக்குது. எங்கூருக் கொல்லரு அருவாளப் பழுக்கக் காய்ச்சி ஒடனே தண்ணியில முக்குவாரு. முக்கலேன்னா அறுப்புல மொன மடங்கிடும். நம்ம புள்ளையோட துண்டு மொன்னையாப் போயிடக் கூடாதேன்னு, நல்ல மனசோட, கொறடால புடிச்சு வாளியில விட்டேன் பாருங்க. டப்புன்னு ஒரே சத்தம். வாளிக்குள்ள அஞ்சு துண்டு.

மலரு வந்து வாளிய எட்டிப் பாத்துச்சு. ஸ்டூல்ல ஒக்காந்து துப்பட்டா நுனியச் சுருட்டிக்கிட்டே இருந்துச்சு. அதுக்கு என்னைய நாலு அறை அறைஞ்சிருக்கலாம். சத்தம் கேட்டு வந்த சாரு கண்ணாடியக் கழட்டுனாரு.

"ஒங்கப்பா அறுப்ப நிறுத்துனாரு, நீ ஆராய்ச்சியவே நிறுத்திட்டியேய்யா!"

விரிசல்

மறுநா, யாரும் சொல்லாமலே, இருக்குறதுல பெரிய துண்ட எடுத்துத் தேய்க்க ஆரம்பிச்சேன். அதுல மசுரு மாதிரி விரிசல் ஓடுது. ஒடஞ்சதுதான் ஒடஞ்சுச்சு, உள்ள எப்படித்தான் ஒடஞ்சுச்சுன்னு பாத்துறணும்னு எனக்கு ஆசை. ஒரு கோடு விடாமத் தேய்ச்சு மைக்ராஸ்கோப்புல வெச்சா, விரிசல் சாம்பல் தரையில வகுந்துக்கிட்டு வருது, வெள்ளத் திட்டுல முட்டுனதும் நின்னுடுது. சில எடத்துல வெள்ள இழுபட்டு, ரெண்டு பக்கத்தையும் பாலம் மாதிரி புடிச்சுக்கிட்டு நிக்குது.

"தாயி, இங்க வா"ன்னு கத்துனேன். மலரு கண்ண வெச்சுது, வெச்சுது, எடுக்கவே இல்ல. அப்பறம் ஓடிப் போயி சாரக் கூட்டியாந்துச்சு. அவரும் பாத்துட்டு, "இதத்தான்மா கேட்டேன்"ன்னாரு. பலத்த அளக்குற அத்தியாயம் மட்டும் இல்லாமலே தீசிஸ் முடிஞ்சுது. முழுத் துண்டு ஏது? அது என்னாலதான், இல்லேன்னு சொல்லல.

அதக் கட்டு கட்டி அனுப்புற அன்னிக்கு, "என் பேரு எங்கயாச்சும் மாட்டியிருக்கா?"ன்னு பயந்துக்கிட்டே கேட்டேன்.

"'நீரில் குளிர்விக்கப்பட்டது'ன்னு எழுதியிருக்கேண்ணே, யாரு குளிப்பாட்டுனதுன்னு கேட்டாங்கன்னா ஒங்களக் கூப்புடுறேன்."

ஆக மொத்தம், லேப்ல நாம ஒடைக்கிறது படமா நல்லா விழுந்தா அது பரிசோதனை, விழலேன்னா மெமோ, அவ்ளோதாங்க.