விதை முடிச்சில் போன காகிதம்

அத்தாயி மகள் சுகுணா கொல்லிமலை மூலிகையையெல்லாம் பட்டியல் போட்டு வெளிநாட்டுக்காரனுக்கு விற்றுவிட்டாள் என்று பேசினார்களே, அது சுத்தப் பொய். எத்தனை பேர் சொன்னாலும் பொய்தான்.

"விக்காமத்தான் அவ கொண்டாந்த காயிதம் பூரா வெளிநாட்டுப் பேரா இருக்குதா? பக்கத்துலயே வெலையும் போட்டிருக்குது" என்று குழாயடியில் கிளப்பிவிட்டவர் பொன்னன். லாரியில் கிளீனராக ஊர் சுற்றியவர், இங்கிலீஷ் எழுத்துக் கூட்டுவார். அதனால் அவர் பேச்சு எடுபட்டது.

"வெலை இல்லீங்கண்ணா. அந்த ஃபைலு எத்தனை பெருசுன்னு போட்டிருக்குதாம்" என்றாள் அத்தாயி.

"ஃபைலுன்னா என்ன?"

அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது. "எம்புள்ளைக்குத் தெரியும்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அது தொண்ணூற்று நாலாம் வருஷம். மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் ஒரு காலேஜின் கம்ப்யூட்டர் அறையில் சுகுணாவுக்குத் தற்காலிக வேலை. அங்கே வாத்தியார்களுக்கு ஒரு புரோகிராம் வேண்டுமென்றால் கடைக்கு ஓட முடியாது. உலகத்தில் ஏதோ ஒரு காலேஜ் தன் கம்ப்யூட்டரில், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று அதைப் போட்டு வைத்திருக்கும். எந்த நாட்டில், எந்தக் காலேஜில்? அதைச் சொல்ல ஆர்ச்சி என்று ஓர் ஏற்பாடு இருந்தது. ஃபைலின் பெயரைக் கம்ப்யூட்டரிலேயே கடிதமாக எழுதி அனுப்பினால், அது எங்கெங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, என்றைக்கு வைத்தது என்று மூன்று நாலு நாளில் பட்டியல் திரும்பி வரும். பெயர் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே இருக்கும் விஷயத்தைச் சொல்லிக் கேட்டால் ஆர்ச்சிக்கு ஒன்றும் தெரியாது.

மகள் இதைச் சொன்னபோது அத்தாயி சட்டென்று பிடித்துக்கொண்டாள். "சாமை வெதை தீந்துபோனா யாரூட்டுல இருக்குதுன்னு விசாரிச்சுக்கிட்டுப் போறமே, அதாட்டவா?"

"அதேதாம்மா."

"இல்லைன்னு சொல்ல மாட்டாங்கல்ல?"

"எடுத்துக்கட்டும்னுதான வெச்சிருக்காங்க."

நல்ல ஏற்பாடு என்று அத்தாயிக்குப் பட்டது. விதை கேட்டு வந்தவருக்கு அவள் வீட்டிலும் இல்லை என்று சொன்னதில்லை. ஆனால் அங்கேதான் தப்பு நடந்தது. வாராவாரம் மகள் கொண்டுவரும் காகிதம், இரண்டு ஓரமும் ஓட்டை போட்டது, நன்றாக முறுக்காக இருந்தது. படித்து முடித்த காகிதம்தானே என்று, விதை கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அதிலேயே பொட்டலம் கட்டி, மேலே துணி சுற்றி முடிந்து கொடுத்துவிட்டாள். எட்டு வீட்டுக்குப் போனது சாமை. கூடவே வெளிநாட்டுப் பெயர்களும் போயின. பொட்டலம் கட்டும்போது எட்டிப் பார்த்துத்தான் பொன்னன் அப்படிக் கிளப்பிவிட்டார்.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சுகுணா வந்ததும் பையைக் கொட்டித் தேடினாள்.

"அம்மா, போன வாரம் பொட்டி மேலாப்புல வெச்சனே, அந்தக் காயிதம் எங்க?"

விதை கட்டிக் கொடுத்துவிட்டதாக அத்தாயி சொன்னதும் சுகுணா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு புரோகிராமின் புதுப் பதிப்பு ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. அந்த விலாசம் அந்தக் காகிதத்தில். கம்ப்யூட்டரில் இடமில்லாததால் அதிலிருந்ததை அழித்துவிட்டாள். மறுபடி கேட்டால் பதில் வர வியாழன் ஆகும். திங்கட்கிழமை பத்து மணிக்கு ஒரு மணி நேரம் வெளிநாட்டு லைன் கிடைக்கும். அதற்குள் ஃபைலை எடுக்காவிட்டால் அவள் வேலைக்கு வேறு ஆளைப் போடுவதாக மேலதிகாரி சொல்லியிருந்தார்.

அத்தாயிக்கு எழுத்துத் தெரியாதே தவிர, எந்தக் கிழமை யாருக்கு என்ன கொடுத்தாள் என்பது மறக்காது. "அதுலதான் திங்கக்கெழமை இருசாயி அண்ணிக்குக் கட்டிக் குடுத்தேன்" என்றாள்.

இருசாயி, பொன்னன் பெண்டாட்டி.

ஞாயிறு காலை இருவரும் போய்க் காகிதத்தைக் கேட்டார்கள். அடுப்புக்கு மேலே விட்டத்தில் முடிச்சு தொங்கியது. விதைப்புக்குச் சாமி கும்பிடுகிற வரைக்கும் விதை முடிச்சை அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால் காடு விளையாது.

"பாத்தீங்களா, மறைக்க வந்துட்டா!" என்று பொன்னன் வாசலில் நின்று கத்தினார். அக்கம்பக்கம் கூடிவிட்டது. "அத ஊர்க்கூட்டத்துல காட்டணும். அதுவரைக்கும் இந்தப் புள்ள மலையை உட்டு எறங்கக் கூடாது."

"எப்பங்க மாமா கூட்டம்?" என்று கேட்டாள் சுகுணா.

"வெசாழக்கெழமை."

அவள் அம்மாவைப் பார்த்தாள். மத்தியான பஸ் இரண்டு மணிக்கு. அதை விட்டால் திங்கள் பத்து மணிக்குப் போய்ச் சேர முடியாது.

"அண்ணி, நாங் கட்டுன முடிச்சு. நானே அவுக்கறேன்" என்றாள் அத்தாயி.

"ஐயோ, வெளையாமப் போனா?" இருசாயி குறுக்கே வந்து நின்றாள்.

"வெளையலைன்னா இந்த வருஷம் எங்காட்டுச் சாமை உங்களுது."

"பூராவுமா?" என்றார் பொன்னன்.

"பூராவுந்தானுங்க. ஒரு வள்ளம்கூட எனக்கு வேண்டாம். நெஞ்சுல கைய வெச்சுச் சொல்லுங்கண்ணா, எம்புள்ள மூலிகை புடுங்கி நீங்க பாத்தீங்களா?"

பொன்னன் வாசலை விட்டு ஒதுங்கினார். இருசாயி மெதுவாக விலகி வழிவிட்டாள்.

அத்தாயி உரலைக் கவிழ்த்து ஏறினாள். முடிச்சை இறக்கி அவிழ்த்து, ஒரு மணி சிந்தாமல் விதையை மடியில் வாங்கிக்கொண்டு காகிதத்தை நீட்டினாள். அடுப்புப் புகையில் மடிப்பெல்லாம் பழுப்பேறியிருந்தது. சுகுணா வெளிச்சத்தில் பிடித்து விரலை ஓட்டினாள். மேலிருந்து கீழே, மறுபடி மேலிருந்து.

"இருக்குதும்மா."

பேனாவை எடுத்து முழங்கைக்குக் கீழே அந்த ஒரு வரியை எழுதிக்கொண்டாள். காகிதத்தைப் பொன்னனிடமே நீட்டினாள். "கூட்டத்துல காட்டுங்க மாமா. படிக்கத் தெரிஞ்ச ஆளா ஒருத்தரக் கூப்புட்டு வெச்சுக் காட்டுங்க."

யாரோ பின்னால் சிரித்துவிட்டார்கள். பொன்னன் வாங்கவில்லை. அத்தாயி அதே காகிதத்தில் விதையைக் கட்டித் தொங்கவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சுகுணா சோறுகூடத் தின்னவில்லை. மாற்றுத்துணியைப் பையில் திணித்தாள்.

"நாம் போயிட்டா கூட்டத்துல உன்னையத்தானம்மா கேப்பாங்க?"

"கேக்கட்டும். எனக்கென்ன வாயில்லையா?"

"என்னைய மறுக்கா மலையேற உடலைன்னா?"

அத்தாயி மகளின் கையைப் பிடித்து எழுத்தைப் பார்த்தாள். "வேர்வைல எழுத்து அழிஞ்சுரும் சாமி, கைய நீட்டியே வெச்சுக்க" என்றாள்.

சுகுணா பையை மறுதோளில் மாட்டி, எழுதிய கையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு வாசற்படி தாண்டி இறங்கினாள்.