முகத்தின் மேற்பாதி

சிதையத் தொடங்கிய பழைய நிகண்டுப் பதிப்பொன்று என்னிடம் உண்டு. பக்கத்தைப் புரட்டினால் ஓரம் பொடியாக உதிரும். முற்றாக உதிர்வதற்குமுன் அதன் பக்கங்கள் அனைத்தையும் ஒளிப்படமாக்கி வைத்துவிட வேண்டும் என்று இவ்வாண்டின் தொடக்கத்தில் எண்ணினேன். கைப்பேசியில் எடுத்துப் பார்த்தேன். என் விரல்களின் நடுக்கம் எழுத்துகளைக் கலக்கியது. அப்போதுதான் அலுமாரியின் மேற்றட்டில், துவாய்களுக்குப் பின்னால், மனைவியின் பழைய ஒளிப்படக் கருவி கிடப்பது நினைவுக்கு வந்தது. முக்காலியில் பொருத்திவிட்டால் கருவி நடுங்காது.

அதைத் தொட வேண்டாம் என்பாள் என்றே எதிர்பார்த்தேன். அவளோ தானே கதிரையில் ஏறி எடுத்தாள். சேலைத் தலைப்பால் வில்லையைத் துடைத்தாள். மின்கலத்துக்கு மின்னேற்றியதும் கருவி உயிர் பெற்றது. ஆனால் அதனுள்ளிருந்த அட்டையோ மிகச் சிறிய கொள்ளளவினது. நிகண்டின் காற்பங்குகூட அதில் அடங்காது.

“புதியதொரு நினைவட்டை வாங்கவேணும்” என்றேன்.

“கடையிலை போய் நினைவட்டை எண்டு கேளாதேங்கோ. முப்பத்தோராம் நாளுக்குக் குடுக்கிற அட்டையெண்டு நினைச்சு, ஆர் செத்தது, எப்ப செத்தது எண்டு விபரம் கேப்பினம்.”

தூய தமிழின்மீது எனக்குள்ள பற்றை அவள் நாற்பதாண்டுகளாக இப்படித்தான் எள்ளி வருகிறாள். இருவரும் சிரித்தோம். சிரிப்பு எனக்கு முன்பே அவளுக்கு நின்றுபோயிற்று.

அந்தக் கருவி ஏன் துவாய்களுக்குப் பின்னால் போயிற்று என்பதைச் சொல்ல வேண்டும்.

கொழும்பின் வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் குறுந்தெருக்களான ஒழுங்கைகளுள் ஒன்றில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. போரின் இறுதி ஆண்டுகளில் மனைவியின் தம்பி வடக்கிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தான். வெளிநாடு செல்வதற்கான அனுமதிக்குக் காத்திருந்தான். அவனுக்கு இருபது வயது கடந்திருந்தது. தாய்க்குப் பின் அவனைத் தூக்கி வளர்த்தவள் இவளே. அவன் வந்த மகிழ்ச்சியில்தான் அக்கருவியை வாங்கினாள். மாலை வெயிலில் அவனை மாடத்தில் நிறுத்திப் படம் எடுப்பாள்.

“அக்கா, நேராப் பாக்கவோ, பக்கவாட்டிலை நிக்கவோ? பொலிசிலை எடுக்கிறமாதிரி ரெண்டும் எடுங்கோ.”

“ஆடாமல் நில்லடா, குரங்கு.”

“அத்தானையும் கூப்பிடுங்கோ. சாட்சிக்கு ஒராள் வேணுமெல்லே.”

அந்நாள்களில் கொழும்பில் எங்களைப் போன்றோரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பகலில் எடுத்த படத்தைப் பொழுது சாயுமுன் அழித்துவிடுவோம். சோதனைச் சாவடியில் பையைத் திறப்பவர் கருவியையும் திறப்பார். படத்தின் பின்புறத்தில் தொடருந்துப் பாதை தெரிந்தால் அது எதற்கு என்பார். உயர்ந்த கட்டடம் தெரிந்தால் அது யாருக்கு என்பார். வடக்கிலிருந்து வந்த ஓர் இளைஞனின் முகம் மீண்டும் மீண்டும் தெரிந்தால் கேள்விகளுக்கு முடிவிராது. வீட்டைச் சோதிக்க வருவோரும் அவ்வாறே. ஆகவே எடுப்போம், சிறுதிரையில் ஒருமுறை பார்த்துச் சிரிப்போம், அழிப்போம். அச்சிடுவதில்லை. அதை அச்சம் என்றுகூட நாங்கள் கருதியதில்லை. கதவைப் பூட்டுவது போன்ற ஓர் ஒழுங்கு அது.

ஒரு காலை தெஹிவளையில் ஆங்கில வகுப்புக்கென்று புறப்பட்டவன் திரும்பவில்லை.

பொலிசில் முறைப்பாடு எழுதியவர் முதலில் கேட்டது படத்தை. மனைவி கருவியைத் திறந்தாள். அதில் ஒன்றுமில்லை. அடையாள அட்டை அவனுடைய சட்டைப் பையில் போயிருந்தது. கடவுச்சீட்டை வாங்கிப்போன பயண முகவர் பின்னர் அகப்படவில்லை. ஊரில் இருந்த வீடும், அதனுள் இருந்த படத் தொகுப்புகளும் இடப்பெயர்வில் முன்பே அழிந்துவிட்டன. பின்னர் முகாம், சிறை, அலுவலகம் என எத்தனையோ வாயில்களில் அவள் காத்து நின்றாள். ஏனைய பெண்கள் மார்போடு படங்களை அணைத்திருப்பார்கள். மகன், கணவன், சகோதரன். இவள் வெறுங்கையோடு நிற்பாள். “உங்கடை ஆளின்ரை படம் எங்கை, அக்கா?” என்று யாரேனும் கேட்டால், “வீட்டிலை இருக்கு” என்று பொய் சொல்வாள். அதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

அவன் போன பின்னும் சில மாதங்கள் அக்கருவி அவள் கையில் இருந்தது. மாடத்தில் நின்று ஒழுங்கையைப் படமெடுப்பாள். காலையில் எடுப்பாள், நண்பகலில் எடுப்பாள், தொடருந்து வந்து சனம் மேலேறும் நேரத்தில் எடுப்பாள். மாலையில் ஒவ்வொரு படத்தையும் பெருப்பித்து, நடந்து போகும் ஒவ்வொருவரின் தலையையும் உற்று நோக்குவாள். அவன் இல்லை என்று கண்டதும் அழித்துவிடுவாள். பிறகு ஒருநாள் கருவி அலுமாரிக்குள் போயிற்று. அதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை.

ஆகையால், கடைக்கு நானும் வாறன் என்று அவள் சொன்னபோது எனக்கு வியப்பாயிருந்தது.

காலி வீதியில் ஒரு மாடிப்படியேறிப் போக வேண்டிய சிறு கடை அது. முன்னர் ஒளிப்பட நிலையமாயிருந்தது. தந்தைக்குப் பின் மகள் நடத்துகிறார். நாற்பது வயதிருக்கும், முக்காடணிந்த, வாய் ஓயாத பெண்மணி. ‘இருக்கும்’ என்பதை ‘ஈக்கும்’ என்பார். கருவியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

“அறுபத்து நாலு ஜீபி ஒண்டு தாருங்கோ” என்றேன். யாரோ சொல்லக் கேட்டு மனனம் செய்து வைத்திருந்தேன்.

“வேணாம் சேர். இது பழைய கெமரா. அறுபத்து நால அறியாது. முப்பத்திரண்டோட நிப்பாட்டுங்க. பெரிசு எடுத்தா நல்லம் எண்டு எல்லாரும் நெனக்கிற. சின்ன ப்ளெட் வீட்டுக்குள்ள பங்களா அலுமாரிய ஏத்துற மாதிரி ஈக்கும்.”

“தெருவிலை மலிவாய் விக்கிறாங்களே?” என்றாள் மனைவி.

“எடுக்க வேணாம் அன்ரி. மேல பெரிய நம்பர் எழுதி ஈக்கும், உள்ள எடம் ஈக்காது. நெறஞ்சா சொல்லவும் மாட்டாது. பழைய படத்துக்கு மேலயே புதுப் படத்த எழுதிக்கொண்டு போகும்.” அவர் பழைய அட்டையை நகத்தால் அழுத்தி வெளியே எடுத்தார். “இதுல ஈக்கிறத புதுசுக்கு மாத்தித் தரவா?”

“அதிலை ஒண்டுமில்லைப் பிள்ளை. எல்லாம் அழிச்சாச்சு.”

“அழிச்சா முழுசா போற இல்ல அன்ரி. படத்துட பேரத்தான் கெமரா மறக்கிற. படம் கெடந்த எடத்துலயே கெடக்கும், அதுக்கு மேல வேற படம் ஏறுமட்டும்.”

மனைவி கண்ணாடிப் பேழையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கடைக்காரரை விடுத்து என்னிடம் கேட்டாள்.

“அப்ப, நான் அழிச்சதெல்லாம் இவ்வளவு காலமும் உதுக்குள்ளையே கிடந்ததோ?”

அவள் வாயில்தோறும் வெறுங்கையோடு நின்ற ஆண்டுகள் முழுவதும் அவன் எங்கள் படுக்கையறையில், கதிரையில் ஏறினால் எட்டும் உயரத்தில், துவாய்களின் பின்னே கிடந்திருக்கக்கூடும். அந்த அறையில்தான் நாங்கள் உறங்கினோம்.

“எடுத்துப் பாருங்கோ” என்றாள்.

கடைக்காரர் அட்டையின் பக்கவாட்டிலிருந்த நுண்ணிய தடையைக் கீழே தள்ளினார். இனி அதில் எதுவும் எழுத முடியாது என்றார். கணினியில் செருகியதும் வெறுமையென்று நாங்கள் நம்பிய அட்டையிலிருந்து சிறு சிறு படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் எழுந்தன. எங்கள் ஒழுங்கை. மீண்டும் எங்கள் ஒழுங்கை. மதிலோரம் நிழல் நீண்டிருந்த ஒழுங்கை, மழைநீர் தேங்கிய ஒழுங்கை, குடை பிடித்த யாரோ ஒருவரின் முதுகு, ஆளில்லாத ஒழுங்கை.

“என்ன அன்ரி இது, ரோட்டையே எடுத்து ஈக்கிறீங்க? ரோட்டுல என்ன ஈக்கி?”

அவன் காணாமற்போனதை நான் இரண்டொரு வார்த்தையில் சொன்னேன். கடைக்காரர் “யா அல்லாஹ்” என்று முணுமுணுத்தார். அதன்பின் அவரும் பகடி பேசவில்லை. ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்து மனைவியை இருத்தினார். தேநீர் வந்து ஆறிப் போயிற்று. ஒழுங்கை முடிவின்றி எழுந்துகொண்டிருந்தது.

பட்டியல் ஏறத்தாழ முடியும் வேளையில் ஒன்று வேறாக வந்தது.

மாடத்தின் கம்பி. மாலை வெயில். அடர்ந்த தலைமயிர், இடப்புற வகிடு, நெற்றி, சிரிப்பில் சுருங்கிய இரு கண்கள். மூக்கின் நடுவில் ஒரு நேர்கோடு. அதன்கீழ் படம் இல்லை; சீரான சாம்பல் நிறம் மட்டுமே இருந்தது.

“தம்பி” என்றாள். கூப்பிடும் குரலிலேயே சொன்னாள்.

கடைக்காரர் பலமுறை முயன்று பார்த்தார். “மேல மட்டுந்தான் வந்து ஈக்கி அன்ரி. கீழ்ப் பாதிக்கு மேல வேற படம் ஏறிட்டுது.”

“என்ன படம்?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், “ரோடுதான், அன்ரி” என்றார்.

வேறு படம் வரவில்லை. ஏனைய மாலைகள் அனைத்தின்மீதும் ஒழுங்கை முழுமையாக ஏறிவிட்டது. மனைவி திரையருகே போய், அந்த நேர்கோடு வரை விரலை ஓட்டிப் பார்த்தாள்.

அவளைத் தேற்ற எண்ணிக் கடைக்காரர் சொன்னார்: “இப்ப கம்ப்யூட்டரே மிச்சத்தப் போட்டுத் தரும், அன்ரி. மூக்கு, வாய், நாடி எல்லாம். பாத்தா வித்தியாசம் தெரிய மாட்டாது. அஞ்சு நிமிஷம்.”

“ஆரின்ரை வாய் அது?”

“சரியாப் பொருந்துற மாதிரித்தான் போடும்.”

“அதைத்தான் கேக்கிறன், பிள்ளை. ஆரின்ரையோ வாயைக் கொண்டு வந்து அவன்ரை முகத்திலை ஒட்டினால், நாளைக்கு நானே அதை நம்பிப் போடுவன். வேண்டாம். வந்தபடியே அடிச்சுத் தாங்கோ. சாம்பலையும் வெட்டாதேங்கோ.”

முப்பத்திரண்டு ஜீபி அட்டையொன்றையும், உறையிலிட்ட அந்த அச்சுப் படத்தையும், பழைய அட்டையையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினோம். பழைய அட்டையை அவள் என்னிடம் தரவில்லை. வழியெல்லாம் கைக்குட்டையில் முடிந்து உள்ளங்கைக்குள் வைத்திருந்தாள்.

படத்துக்குச் சட்டமிட்ட பின் அதை எங்கே மாட்டுவது என்ற கேள்வி எழுந்தது. எங்கள் வீட்டில் இறந்தவர்களுக்கு ஒரு சுவர் உண்டு. அங்கே மாலையும் சிறு விளக்கும் இருக்கும். அந்தச் சுவரை நான் பார்க்கக்கூட இல்லை, அவ்வளவு கவனமாயிருந்தேன். அவள் ஆணியை எடுத்துக்கொண்டு வரவேற்பறைக்குப் போனாள். மாடக் கதவுக்கு எதிரே, வெளிச்சம் விழும் இடத்தில், தன் கண்மட்டத்துக்கு அறைந்தாள். பொட்டு வைக்கவில்லை. பூ வைக்கவில்லை.

“உவ்வளவு பதிவாய்க் கீழை ஏன் மாட்டுறீர்?” என்று கேட்டேன்.

“அவன் அவ்வளவு உயரமில்லை” என்றாள்.

கிழமைகள் கழிந்தன. நிகண்டை முழுவதும் படமெடுத்து முடித்தேன். புதிய அட்டையில் இன்னும் பெருமளவு இடம் எஞ்சியிருக்கிறது. வாயிலோரங்களில் இன்றும் நிற்கும் பெண்களிடம் அவள் இப்போது படத்தின் சிறு பிரதியொன்றைக் கொண்டு போகிறாள். “தண்ணி பட்டுட்டுதோ, அக்கா?” என்று கேட்கிறார்களாம். இல்லை, இவ்வளவுதான் வந்தது என்கிறாளாம்.

நானோ மாலை வேளைகளில் அவன் படம் தொங்கும் சுவர்ப்பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். அதன் காரணத்தை அவளிடம் சொன்னதில்லை. மாடக் கதவால் வெயில் சாய்ந்து விழும்போது சட்டத்தின் கண்ணாடி மங்கலான ஆடியாகிவிடுகிறது. மேற்பாதியில் அவனுடைய கண்கள் தெளிவாக நிற்கும். சாம்பல் நிறத்தின்மீதோ எதிரே நிற்பவரின் முகம் படியும். முதன்முறை அதன்முன் நின்றபோது, அவனுடைய சிரிக்கும் கண்களுக்குக் கீழே, முதுமையில் சுருங்கிய என் வாயைக் கண்டேன். பின்வாங்கிவிட்டேன்.

அவள் பின்வாங்குவதில்லை. தேங்காய் துருவி முடித்துக் கைகழுவி வந்து, அந்த வெயில் இருக்கும்வரை அதன்முன் நின்று கதைக்கிறாள். இன்றைக்கு மீன் வாங்கவில்லை என்கிறாள். அத்தானுக்குக் கால் நோகிறது என்கிறாள். அறையின் இப்புறத்திலிருந்து நோக்கும்போது அவளுடைய முதுகு எனக்குத் தெரியும்; கண்ணாடியில் அவன் கண்களுக்குக் கீழே உதடுகள் அசைவதும் தெரியும். அவள் நிறுத்தும்போது அவையும் நின்றுவிடுகின்றன. அவள் காத்திருக்கிறாள்.