சத்தம் வராத மூலை

செபமாலை பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்பவர். பெல்ட்டில் ஓடிவரும் பொதிகள் ஒரு வளையத்துக்குள்ளால் போகும். உள்ளே உலோகத் துண்டு இருந்தால் மணி அடிக்கும், இல்லாவிட்டால் அடிக்காது. மணி அடிக்காத பாணை அவர் கண்ணை மூடிக்கொண்டு லொறியில் ஏற்றிவிடுவார்.

மனைவி றொஷினியின் தாலிக்கொடி காணாமல் போனபோதும் அவர் நம்பியது ஒரு மிசினைத்தான். அதற்கு முதல் நாள் அவள் பின்வளவில் மிளகாய்க் கன்று நட்டிருந்தாள். கொடி அப்போது கழுத்தில் இருந்ததா, குளிக்கும்போது கழற்றி வைத்தாளா என்று அவளுக்கே நிச்சயமில்லை. புலம்பெயர்ந்து வந்து அஹுன்ட்சிக் பகுதியில் அவர்கள் வாடகைக்கு இருந்த அந்த வீட்டின் பின்னால் முன்பு ஒரு மரக் கராஜ் இருந்து இடிக்கப்பட்டிருந்தது. மண்ணெல்லாம் துருப்பிடித்த ஆணி. செபமாலை வாங்கிவந்த உலோகம் தேடும் கருவி, நீட்டிய இடமெல்லாம் கத்தியது. இரும்பின் சத்தத்தை மட்டும் அடக்க அதில் ஒரு விசை இருந்தது. அழுத்தினார். பிறகு வளவு முழுக்கத் தடவியும் கருவி மூச்சு விடவில்லை.

"வளவிலை இல்லை," என்றார் றொஷினியிடம். "மிசின் பொய் சொல்லாது."

வளவில் இல்லையென்றால் வீட்டுக்குள் யாரோ எடுத்திருக்க வேண்டும். வீட்டில் மூன்றாவது ஆள் அவருடைய தம்பி அன்டன். வேலை போய், கீழ்த்தள அறையில் முடங்கிக் கிடந்தான். அவன்தான் எடுத்தான் என்று நம்பினாரா, நம்ப விரும்பினாரா என்று செபமாலை அப்போது தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"அந்தோனியாரைத் தொட்டுச் சத்தியம் பண்ணு. விட்டிடுறன்."

அன்டன் சுவரோரத்துச் சொரூபத்தைப் பார்த்துச் சிரித்தான். "துலைஞ்சதை எடுத்துத் தாற சாமியல்லோ அண்ணை அவர். அவரிட்டையே கேளுங்கோவன்."

"கள்ளனுக்குத்தான் கதை வரும்."

அன்டன் சொரூபத்தைத் தொடவில்லை. பையைக் கட்டிக்கொண்டு பக்கத்துப் பகுதியான வில்லரேயில் ஒரு அறைக்குப் போய்விட்டான். அவன் தொடாத கதை கோயிலடி முழுக்கப் பரவியது. ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு வந்து கடைசி வரிசை வாங்கில் இருப்பான். பூசை முடிய முன்னம் எழும்பிப் போய்விடுவான்.

அடுத்த வசந்தத்தில் பாத்தி கொத்தும்போது மண்வெட்டியில் ஒரு பழைய செப்புச் சதக் காசு வந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு ஆணி. போன வருடம் இதே இடத்தில்தான் கருவி சும்மா இருந்தது. செபமாலை இரண்டையும் தரையில் சேர்த்து வைத்து, இரும்பை அடக்கியபடியே கருவியை மேலே ஓட்டினார். சத்தமில்லை. ஆணியைத் தள்ளி வைத்தார். சதத்தின் மேல் கருவி கணீரென்றது.

ஆணியோடு கிடந்தால் பொன்னும் இப்படித்தான் மறைந்திருக்கும்.

இம்முறை எதையும் அடக்கவில்லை. அந்த இரைச்சலுக்குள்ளேயே கேட்கப் பழகினார். றொஷினியின் மோதிரத்தை ஆணிகளுக்கு நடுவே புதைத்துப் புதைத்துப் பார்த்தார். அகலமாக வீசினால் எல்லாம் ஒரே கத்தல். சாண் அகலத்தில் மெதுவாக அசைத்தால் பிரித்தறியலாம். ஆணி சில வேளை பொன்னைப்போலவே பாடும். பக்கம் மாறி நின்று கேட்டால் அதன் குரல் உடைந்துவிடும். பொன்னின் சத்தம் இரும்பின் உறுமலுக்கு அடியில் சின்னதாக இருக்கும். ஆனாலும் திரும்பிப் போய்க் கேட்டால் அதே இடத்தில் அதையே சொல்லும்.

"ஆணி பொறுக்கவோ இந்தப் பாடு?" என்றாள் றொஷினி. அவர் அடுத்த சாணுக்கு நகர்ந்தார். கொடி கிடைக்கக்கூடாது என்றும் சில மாலைகளில் நினைத்தார். கிடைக்காவிட்டால் அன்டன் கள்ளனாகவே இருப்பான். அது சுலபம்.

ஆவணியில் கிடைத்தது. வேலியோர மூலையில், கன்று நட்டபோது கிண்டி எறிந்த மண்ணுக்குள், கராஜ் கதவின் துருப்பிடித்த பிணைச்சலுக்குக் கீழே, கொக்கி தேய்ந்து விரிந்த கொடி.

றொஷினி அதைக் கழுவினாள். கழுத்தில் போடவில்லை. "முதல்லை அவனுக்குச் சொல்லுங்கோ."

போன் நெடுநேரம் அடித்தது.

"அன்டன், கொடி கிடைச்சிட்டுது. வளவுக்கைதான் கிடந்தது."

"சந்தோசம்."

"மிசினிலை நான் இரும்பை அடக்கிப்போட்டன். அதோடை சேந்து பக்கத்திலை கிடந்த பவுனும்…"

"அப்ப இப்பவும் மிசின் சொல்லித்தான் என்னை நம்புறியள்."

"வீட்டை வாவன்ரா," என்றார் செபமாலை.

"வந்து? இப்ப தொடவோ அந்தோனியாரை?"

அந்தப் பக்கம், அறையில் வேறு யாரோ கேட்பது கேட்டது: "ஆரடா போனிலை?"

"ஆருமில்லை."

அதன்பிறகு சத்தமில்லை. அவன் வைத்துவிட்டானா, கேட்டுக்கொண்டு நிற்கிறானா என்று தெரியவில்லை. செபமாலை போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார்.