கரண்ட் போன வார்டு கூட்டம்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்று விசைத்தறிக்குப் போனவன், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவுக்கு வாரக்கணக்கில் குடிதண்ணீர் வரவில்லை. டீக்கடையில் கேஸ் விலை, கரண்ட் பில், ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் என்று எல்லாவற்றையும் திட்டித் தீர்த்த நாங்கள், வார்டு கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. "அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க" என்று என்னை எழுப்பிவிட்டார்கள். மைக்கைப் பிடித்து, மேடையிலிருந்த நகராட்சி அதிகாரிக்கு மூன்று முறை வணக்கம் மட்டும் சொன்னேன். அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது. அதிகாரி கிளம்ப எழுந்தார்.

அப்போது பெண்கள் பக்கமிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"அய்யா, மைக் இல்லன்னா என்ன, நான் பேசுதது கேக்குதுல்லா? எல்லா வெலையும் ஏறிட்டு. எங்க குழாய்ல தண்ணி மட்டும் ஏற மாட்டேங்கு. நாளைக்குக் காலைல நீங்களே ஒரு குடத்தத் தூக்கிட்டு வாங்க, பாப்போம்!"

மண்டபமே அதிர்ந்தது. அதிகாரி திரும்ப உட்கார்ந்து, மறுநாளே வால்வைச் சரிசெய்ய ஆள் அனுப்புவதாகச் சொன்னார். சொன்னபடி தண்ணீரும் வந்தது.

அன்று கூட்டம் முடிந்து திரும்பி வரும்போது, "எங்கேயிருந்து வந்துச்சு இந்தக் குரல்?" என்று கேட்டேன்.

"இத்தன வருசமா தறிச் சத்தத்துக்கு மேல உங்களச் சாப்பிடக் கூப்பிடுதேம்லா?" என்றாள்.

மாதங்கள் ஆகியும் அந்த வியப்பு எனக்கு அடங்கவில்லை. அதனால் எழுதி வைத்தேன்.

ஆவணி, முதல் வெள்ளிக்கிழமை.