பாவசங்கீர்த்தனத்துக்குக் கல்முனை பஸ்

மட்டக்களப்பில் எங்கள் பங்குத் தந்தைக்கு என் குரல் தெரியும். பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிட்டதுமே, "இந்த முறை யாரப்போல நடிச்சிங்க?" என்று கேட்டுவிடுகிறார். அந்த வெட்கத்தில்தான், ஐம்பத்திரண்டு வயதில், என்னை அறியாத ஒரு பாதிரியாரைத் தேடி நாற்பது கிலோமீற்றர் பஸ்ஸில் போனேன்.

என் மனைவியின் அண்ணன் பிலேந்திரன் ஞாயிறு பூசையில் வேதாகம வாசகம் வாசிப்பவர். ஒவ்வொரு வசனத்தின் கடைசிச் சொல்லையும் மூச்சு முடியும்வரை இழுப்பார். சொந்தக்காரப் பிள்ளையொன்றின் முதல்நன்மை விருந்தில் நான் அதைச் செய்து காட்ட, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்குப் புரையேறியது. பிறகு திடீரென்று எல்லோரும் அடங்கினார்கள். சோற்றுத் தட்டோடு மச்சான் என் பின்னால் நின்றார். அதற்குப் பிறகு அவர் பீடத்துப் பக்கம் போகவில்லை. மனைவி தேவைக்கு மட்டும் கதைத்தாள்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு பஸ். பக்கத்துச் சீற்றில் மருதமுனையில் கைத்தறிச் சாறன் நெய்து விற்கும் வியாபாரி ஒருவர், மடியில் நூல் பொதி.

"எங்க போறீங்க?"

"கல்முனைக்கு. பாதிரியாரிட்டப் பாவம் சொல்ல."

"ஏன், மட்டக்களப்புல பாதிரிமாருக்குத் தட்டுப்பாடா?"

ஊர்ப் பாதிரியாருக்கு என்னைத் தெரியும், வெட்கமாக இருக்கிறது என்றேன். அவர் குலுங்கிச் சிரித்தார். "களவெடுத்தவன் பக்கத்தூர் பொலிசுல போய்ச் சரணடைஞ்ச மாதிரி இரிக்கி!"

கல்லாற்றுப் பாலத்தில் வாவி அசையாமல் கிடந்தது. பெரியநீலாவணையில் மீன்கூடைகள் ஏற, பஸ்ஸின் மணம் மாறியது. மருதமுனையில் இறங்கும்போது வியாபாரி திரும்பினார். "ஒண்டையும் மறைக்காமச் சொல்லுங்க. பஸ் காசு வீணாப் போயிரும்."

எட்டு மணிக்குக் கல்முனை. கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. கோவிலில் இளம் பாதிரியார் ஒருவர், கடும் தடிமனும் சளியுமாக இருந்தார். வசனத்துக்கு ஒரு தரம் மூக்கை உறிஞ்சினார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தினை வருசமா இது?"

"பள்ளிக்கூடக் காலத்திலயிருந்து, ஃபாதர். திரும்பவும் செய்வன் எண்டு தெரிஞ்சுகொண்டு, இனிச் செய்யமாட்டன் எண்டு ஆண்டவரிட்டச் சொல்றது பொய்யில்லையா?"

"விழுந்திருவனோ எண்டு பயப்படுறது வேற. விழத்தான் போறன் எண்டு பாய் விரிச்சு வைக்கிறது வேற. நூறாந்தரம் வந்தாலும் அவர் முதல் தரம் வந்த மாதிரித்தான் ஏற்றுக்கொள்ளுவார்." ஓர் உறிஞ்சல். "மச்சானிட்டக் கேட்டிங்களா?"

"மச்சான் கோபக்காரர், ஃபாதர்."

"ஆண்டவர் இளகின மனசுக்காரர் எண்டு அவரிட்ட மட்டும் வந்திட்டிங்க."

ஜெபமாலை ஏதும் சொல்லச் சொல்லவில்லை. அன்றைக்கே மச்சான் வீட்டுக்குப் போக வேண்டும், அதுதான் அபராதம். பத்து ஜெபமாலைகளுக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். பாவமன்னிப்பைத் தந்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சந்தியில் ஒரு பிளேன்ரீ குடித்தேன். கடற்கரைக்குப் போகலாம், காரைதீவுவரை போய்வரலாம், சாறனும் பார்க்கலாம். கல்முனையில் எனக்கு அவ்வளவு வேலை இருப்பது அப்போதுதான் தெரிந்தது. ஒன்றையும் பார்க்காமல் ஒன்பதரை பஸ்ஸில் ஏறினேன். போகும்போது நீளமாக இருந்த நாற்பது கிலோமீற்றர், திரும்பும்போது போதவில்லை. தெரியாத ஊரில் முழந்தாளிட்டு எழும்பிய கால்கள், மச்சான் வீட்டு ஒழுங்கையில் மெதுவாகத்தான் நடந்தன.

மச்சான் வீட்டில் என் மனைவியும் இருந்தாள். மன்னிப்புக் கேட்டேன், எந்த விளையாட்டுக் குரலும் இல்லாமல். மச்சான் நிலத்தைப் பார்த்தார்.

"நான் வாசிக்கிறது அவ்வளவு கேவலமா?"

"இல்ல மச்சான். நீங்க வாசிச்சாத்தான் எனக்கு வாசகம் ஞாபகத்தில நிக்கிது."

அது உண்மைதான். அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். "நாளைக்கு வாசிப்பன்" என்றார். பிறகு, "பாதிரியார் என்ன சொன்னவர்?" என்று கேட்டார்.

சொன்னேன். வசனம் வசனமாக, மூக்குறிஞ்சலோடு. பாதியில்தான் எனக்கே உறைத்தது. மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மனைவி சிரிக்கவில்லை. "இனிக் கல்முனைக்கும் போகேலா" என்றாள். "அதுக்கு அங்கால, அக்கரைப்பற்றுப் பக்கம் கோவில் இருக்கா எண்டு விசாரிச்சு வைங்க."