ஒருதரம் கேட்டுப் பரிமாறிய விருந்து

எங்கள் தெருவில் சோறு வீணாவதை நிறுத்தியது நாய்கள்தான். மற்றவர்கள் பிறகு பெருமை எடுத்துக்கொண்டார்கள்.

மதுக்கரையில் சிமெண்டு மூட்டை ஏற்றுவது என் வேலை. அங்கே பேச்சுக்கு வேலையில்லை. வாயைத் திறந்தால் தூசிதான் போகும். வீட்டிலும் அதே பழக்கம்.

தெருவில் ஒரு வீட்டுக் காதுகுத்து. பந்தி முடிந்து எச்சில் இலைகளைத் தொட்டிக்குப் பக்கத்தில் குவித்துவிட்டார்கள். பாதிச் சோறு இலையிலேயே இருந்தது. விடிவதற்குள் நாய்கள் வீடு வீடாகப் பங்கு வைத்துவிட்டன. ஒரு வாசல் பாக்கியில்லை. என் மொபட் சீட்டில் ஒரு ஜாங்கிரி உட்கார்ந்திருந்தது. யாரும் கடிக்காத ஜாங்கிரி.

குப்பை எடுக்க வந்த அம்மா வண்டியை நிறுத்தவே இல்லை. "சோறு வேற, எலை வேற பிரிச்சு வெச்சா எடுக்கறேன். இல்லீன்னா நீங்களே வெச்சுத் தின்னுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே பிள்ளையார் கோயில் முன்னால் தெருக்கூட்டம். கூட்டம் போட்டவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். விசிலை வாங்கிக்கொண்டார்கள். அதிகாரத்தை வாங்க மறந்துவிட்டார்கள்.

"இனி நம்ம தெருவுல விசேசம்னா ஒருதரம் கேட்டுத்தான் போடோணும். போதும்னா நிறுத்திப்போடோணும். எலையில ஒரு பருக்கை மிஞ்சக்கூடாது" என்றார்.

"மிஞ்சுனா?" என்று யாரோ கேட்டார்கள்.

"மிஞ்சுனத விசேசக்காரரே தின்னோணும்."

எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். கை தூக்கச் செலவில்லை.

அடுத்த விசேஷம் எங்கள் வீட்டில் விழுந்தது. பெண்ணுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் மாப்பிள்ளை. பையனை அவளுக்குப் பிடித்துவிட்டது. போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துச் சிரிப்பாள். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

எங்கள் பக்கம் பெண் வீட்டில் கை நனைப்பது என்று ஒன்று உண்டு. பிடிக்காத வீடென்றால் காப்பியோடு எழுந்துவிடுவார்கள். சோறு சாப்பிட்டால் சம்பந்தம் முடிந்தது. சாப்பிட்டு, தேதி சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தச் சாப்பாட்டுக்குத்தான் ஒரு வேன் நிறைய வந்தார்கள். பையனுக்கு அப்பா இல்லை. பெரியப்பா இருந்தார். மீசையும் அவருக்குத்தான், முடிவும் அவருக்குத்தான். பையனின் அம்மா அவருக்குப் பின்னால் அமைதியாக வந்தார்.

போளியை எங்கள் பக்கம் ஒப்புட்டு என்போம். ஒப்புட்டு, அரிசிம்பருப்பு சாதம், சாம்பார், ரசம், பொரியல். என் மனைவி உள்ளே அடுப்போடு இருந்தாள். அவள் வெளியே இருந்திருந்தால் எழுத ஒன்றும் இருந்திருக்காது. வாளி என் கைக்கு வந்தது. கண்டக்டர் பந்தியின் தலைமாட்டில் நின்றார்.

பெரியப்பாவின் இலைக்கு முன்னால் குனிந்தேன். "இன்னுங் கொஞ்சம் சாம்பாருங்க?"

"போதுங்க, போதுங்க."

நகர்ந்துவிட்டேன்.

பையனின் அம்மா ஒரு ஒப்புட்டு சாப்பிட்டிருந்தார். "இன்னொண்ணுங்க?"

"அட எதுக்குங்க, ஒண்ணே போதுங்க."

நகர்ந்துவிட்டேன்.

எங்கள் ஆட்கள் பசித்தாலும் போதும் என்பார்கள். முதல் போதும் மரியாதைக்கு. இரண்டாவது பக்கத்து இலைக்காரர் காதுக்கு. மூன்றாவதற்குக் கையை இலைக்குக் குறுக்கே வைப்பார்கள், சாம்பார் இறங்க விரல்களுக்கு நடுவில் வழி விட்டு. இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கூட்டத்தில் கை தூக்கியிருக்கிறேன். கண்டக்டர் வேறு கண்ணாலேயே டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார்.

பந்தி எழுந்தது. இலைகள் கழுவி வைத்ததுபோல் இருந்தன. கண்டக்டர் படம் பிடித்துத் தெருக் குரூப்பில் போட்டார். "சாதிச்சுப்போட்டோம் தம்பி" என்று என் தோளில் தட்டினார்.

மாப்பிள்ளை வீட்டார் கை கழுவினார்கள். வெற்றிலை போட்டார்கள். பெரியப்பா பந்தல் துணியை அண்ணாந்து பார்த்தார். "தேதிய அப்பறம் போன்ல சொல்றமுங்க" என்றார். வேன் போய்விட்டது.

மனைவி வெளியே வந்தாள். இலைகளைப் பார்த்தாள். சாம்பார் அண்டாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, சம்மந்தியம்மாளுக்கு ரெண்டாவது ஒப்புட்டுப் போட்டீங்களா?"

"போதும்னாங்க."

"போதும்னாங்களா? எங்கப்பன் உங்கூட்டுக்கு வந்தப்ப எத்தன தரம் போதும்னாரு? உங்கம்மா நிறுத்துனாங்களா? எலையில மிஞ்சக்கூடாதுன்னு அண்டாவுல மிச்சம் புடிச்சிருக்கறீங்க. வந்த சனம் பாதி வயித்தோட போவுதுங்க!"

திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவாள். அது இன்னும் சுருக்கென்று இறங்கும்.

மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தேதி சொல்லலியாப்பா?"

"போன்ல சொல்றாங்களாம் அம்மணி."

கையிலிருந்த போனைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு எனக்கு உறைத்தது அந்த ஒன்றுதான்.

கண்டக்டர் பால் வாங்கப் போனவர் பாலில்லாமல் ஓடி வந்தார்.

"தம்பி, வேன் மெயின் ரோட்டு பேக்கரியில நிக்குது."

"ம்."

"பெரியப்பா கையில பப்ஸு. அந்தக் கையில ஒண்ணு, இந்தக் கையில ஒண்ணு."

"ம்."

"ஒருதரம் கேட்டு நிறுத்திப்போடற ஊட்டுல பொண்ணெடுத்தா, நம்ம பையன் சோத்துக்கு மனுக் குடுக்கோணுமாட்ட இருக்குதுன்னு பேசிக்கறாங்க. பொறவு யோசிக்கலாம்ங்கறாரு."

சொல்லும்போது அவர் முகம் செத்திருந்தது. சட்டம் அவருடையது.

சாம்பார் வாளியை மொபட்டின் முன்னால் வைத்தேன். சோற்றையும் ரசத்தையும் கொக்கியில் மாட்டினேன். கண்டக்டரைப் பின்னால் ஏற்றி, மடியில் ஒப்புட்டுப் போசியும் நெய்க் கிண்ணமும் கட்டு இலையும் கொடுத்தேன். வாழ்நாளில் முதல்தடவையாக அவர் 'ரைட்' சொல்லாமல் ஒரு வண்டி கிளம்பியது.

எங்களைக் கண்டதும் பெரியப்பா பப்ஸை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "சும்மா, டீ குடிக்கலாம்னுங்க..."

பேக்கரி பெஞ்சில் இலையை விரித்தேன். சோறு போட்டேன்.

"ஐயோ, வேண்டாமுங்க."

சாம்பார் ஊற்றினேன்.

"போதுங்க."

ஊற்றினேன்.

"அட, போதுங்கறன்ல!"

கையைக் குறுக்கே வைத்தார். கைமேலேயே ஊற்றினேன். சிரித்துவிட்டார்.

"ஏனுங்க, யாவார எடத்துல..." என்று பேக்கரிக்காரர் எழுந்தார். கண்டக்டர் அவர் வாய்க்கு ஒரு ஒப்புட்டு கொடுத்தார். அதோடு சரி.

பையனின் அம்மா வேனை விட்டு இறங்கவில்லை. கை நனைத்த நாளில் இன்னோர் இடத்தில் சாப்பிட மனசு வரவில்லையாம். ஜன்னல் வழியாக இலைத் துண்டில் ஒப்புட்டு நீட்டினேன்.

"வேண்டாமுங்க."

மடியில் வைத்தேன்.

"ஒண்ணு போதுங்க."

இன்னொன்று வைத்து நெய் ஊற்றினேன்.

"இத ஊட்டுலயே செஞ்சிருக்கலாமுங்களே சம்மந்தி?"

"சோறு வீணாகக் கூடாதுன்னு தெருவுல முடிவுங்க."

மென்று முடித்துவிட்டுத்தான் பேசினார். "நல்ல முடிவுதானுங்க. ஆனா கொறைக்கோணும்னா அடுப்புல கொறைங்க. வந்தவங்க எலையில எதுக்குங்க கொறைக்கறீங்க?"

அதை அடுத்த கூட்டத்தில் கண்டக்டர் தன் யோசனையாகச் சொன்னார். இப்போது முந்தின நாளே தலை எண்ணித்தான் உலையில் அரிசி போடுகிறோம். பந்தியில் வழக்கம்போல் கெஞ்சிக் கெஞ்சிப் போடுகிறோம். அண்டாவில் மிஞ்சினால் தெருவே தூக்குப்போசியோடு வந்து நிற்கிறது. அப்போது யாரும் போதும் என்று சொல்வதில்லை.

அன்று வேன் ஜன்னலில் பையனின் அம்மா இன்னொன்றும் கேட்டார். "உங்க பொண்ணும் உங்களாட்டத்தான் பேசுமுங்களா?"

"இல்லீங்க. அவங்கம்மாளாட்ட."

"அப்பச் சரி. தையில வெச்சுக்கலாமுங்க. பெரியவர்கிட்ட நாஞ் சொல்லிக்கறேன்."

பெரியவர் அப்போது ரசம் கேட்டுக்கொண்டிருந்தார். வாய்விட்டே கேட்டார்.

வீட்டுக்கு வந்தேன். மகள் வாசலில் நின்றாள்.

"என்னப்பா சொன்னாங்க?"

"தை."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

காலி வாளியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். வாளி கதவில் இடித்த சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.